ஒரே தெருவில் போய்ப் போய் வந்தவர்கள்: அமெரிக்கக் குரூசிங்கும் அதன் ஏக்கமும்

நண்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. அமெரிக்காவில் அறுபத்தைந்து, எழுபது வயதைக் கடந்தவர்கள் பலர், பள்ளி நாட்களில் வெள்ளி, சனி இரவுகளில் காரை எடுத்துக்கொண்டு ஒரே தெருவில் மேலும் கீழுமாக ஓட்டித் திரிந்ததைப் பேசத் தொடங்கினால் குரலே மாறிவிடுகிறது. எந்த ஊருக்கும் போகாமல், எந்த வேலையும் இல்லாமல் பெட்ரோலைக் கரைத்ததில் அப்படி என்ன இருந்தது? அது ஏன் நின்றுபோனது? அவர்கள் சொல்வதுபோல்தான் அது உண்மையில் இருந்ததா? டெட்ராய்ட் பக்கம் கார்த் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்ப்பவன் என்ற முறையில், இந்தக் கதைகளை வேண்டிய மட்டும் கேட்டிருக்கிறேன்; கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்லி முடிக்க வராது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குரூசிங் என்பது என்ன என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பலர் அதைக் கார்ப் பந்தயத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஊரின் முக்கியத் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதன் இரு முனைகளிலும், பெரும்பாலும் உணவகத்தின் வாகன நிறுத்தமோ பெட்ரோல் பங்க்கோ, காரைத் திருப்புவதற்கு ஓர் இடம் இருக்கும். இருட்டிய பிறகு அந்த முனைக்கும் இந்த முனைக்கும் இடையே, மணிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு போய்வர வேண்டியது, அவ்வளவுதான். எதிரே வருகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்பதால், ஒரு சுற்றில் பார்த்த முகத்தை அடுத்த சுற்றில் மறுபடி பார்க்கலாம், அதற்கடுத்த சுற்றில் சிரிக்கலாம், நான்காவது சுற்றில் சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்க வாய்த்தால் பெயரைக் கேட்கலாம். வேகமாகப் போனால் இது எதுவும் நடக்காது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வான் நைஸ் பூலவார்டு, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் விட்டியர் பூலவார்டு, டெட்ராய்ட்டில் வுட்வர்ட் அவென்யூ, கலிபோர்னியாவின் உள்நாட்டு ஊரான மோடெஸ்டோவில் பத்தாவது, பதினோராவது தெருக்கள் என்று பெயர்பெற்ற இடங்கள் இருந்தாலும், அநேகமாக ஒவ்வொரு சிற்றூரிலும் இப்படி ஒரு தெரு இருந்தது. வான் நைஸில் புதன்கிழமை இரவுதான் விசேஷம்.

திரும்பும் இடங்களில் டிரைவ்-இன் உணவகங்கள் முக்கியமானவை. காரை நிறுத்தினால் பணிப்பெண் வந்து கேட்டுப் போவாள். பிறகு, பாதி இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் கொக்கிகளால் மாட்டி, கதவில் முட்டுக்கொடுத்து நிற்கும் அலுமினியத் தட்டில் பர்கரும் கோக்கும் வரும். அந்தத் தட்டு மாட்டியிருக்கும் வரை காரை எடுக்க முடியாது. எனவே ஒரு கோக்கை ஒன்றரை மணி நேரம் உறிஞ்சிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பது உரிமை என்று பையன்கள் நினைத்தார்கள். கடைக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. வுட்வர்டில் ராயல் ஓக் பகுதியில் இருந்த டோட்டம் போல், அதற்கும் வடக்கே ஸ்கொயர் லேக் சாலையருகே இருந்த டெட்ஸ் ஆகிய இரண்டும் ஒரு தலைமுறைக்கே திசைக்குறிகள். இன்று இரண்டும் இல்லை. இன்னொன்று வானொலி. டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் விண்ட்சரிலிருந்து 50,000 வாட் ஆற்றலில் ஒலிபரப்பிய சிகேஎல்டபிள்யூ நிலையத்தையே எல்லாக் கார்களும் வைத்திருக்கும். நடைபாதையில் நிற்கிற ஒருவர், ஒரு காரில் தொடங்கிய பாட்டை அடுத்தடுத்த கார்களில் தொடர்ந்து கேட்டு முடித்துவிடலாம். இதை மூன்று வெவ்வேறு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய ஏக்கத்தில் காரைவிட இந்தப் பாட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். போருக்குப் பிந்தைய பிறப்புப் பெருக்கம் 1946-இல் தொடங்கியது. அந்த ஆண்டு பிறந்தவர்களுக்கு 1962-இல் பதினாறு வயது, அதாவது பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் பெறும் வயது. அந்த ஆண்டில் பெட்ரோல் ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர், ஏறத்தாழ 31 சென்ட். கூட்டாட்சிச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட். ஒரு மணி நேரம் மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுத்தால் பதினான்கு லிட்டர் பெட்ரோல் என்று ஆகிறது. பத்து ஆண்டுப் பழைய ஃபோர்டோ ஷெவர்லேயோ சில நூறு டாலருக்குக் கிடைத்தது. அதில் மின்னணு எதுவும் கிடையாது. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதற்குப் பள்ளிக்கூடத்திலேயே பட்டறை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். முன்னிருக்கை இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே பெஞ்சாக இருந்ததால், மூன்று பேர் நெருங்கி உட்காரலாம். யார் நடுவில் உட்கார்ந்தார், யார் தோளோடு ஒட்டி உட்கார்ந்தார் என்பதைத் தெருவே பார்த்துச் செய்தியாக்கிவிடும். வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் சமையலறைச் சுவரில், அம்மாவின் காதுக்கு எட்டும் தூரத்தில். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து, பெரியவர்கள் இல்லாத ஓர் இடத்தில், காசு அதிகம் செலவழிக்காமல், தன் வயதுக்காரர்கள் கண்ணில் பட வேண்டும் என்றால், காரே திண்ணையாகவும் தெருவே கூடமாகவும் ஆவதைத் தவிர வேறு வழியில்லை. என் பார்வையில் அந்த முதியவர்கள் ஏங்குவது காருக்காக அல்ல, இந்தத் திண்ணைக்காகத்தான்.

வுட்வர்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நான் தினமும் போய்வருகிற சாலை என்பதால் மட்டும் அல்ல. டெட்ராய்ட் ஆற்றங்கரையில் தொடங்கி வடமேற்காகப் பாண்டியாக் நகரம் வரை நீளும் இந்தச் சாலையில்தான், 1909-இல், ஆறாம் மைல் சாலைக்கும் ஏழாம் மைல் சாலைக்கும் நடுவே, நாட்டிலேயே முதன்முதலாக ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் நெடுஞ்சாலை போடப்பட்டது. புறநகர்ப் பகுதிகளில் இது மிக அகலமானது. நடுவில் புல் திட்டு. அந்தத் திட்டில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை திறப்பு விட்டிருப்பார்கள், அதில் புகுந்து யூ-டர்ன் அடித்து எதிர்த்திசையில் சேர்ந்துகொள்ளலாம். குரூசிங்குக்காகவே வடிவமைத்தது போன்ற சாலை. விளக்குக்கு விளக்கு நீண்ட நேர்க்கோடாக இருந்ததால், மற்ற ஊர்களில் மெதுவாகச் சுற்றியவர்கள் இங்கே பச்சை விழுந்ததும் சீறிப் பாயவும் செய்தார்கள். கார் நிறுவனங்களின் பொறியாளர்களே இரவில் தங்கள் புதிய வண்டிகளை இங்கே கொண்டுவந்து, பையன்களின் வண்டிகளோடு போட்டியிட்டுப் பார்த்தார்கள் என்பது இந்த ஊரில் எல்லோரும் அறிந்த கதை. 1964-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பாண்டியாக் பிரிவு வெளியிட்ட ஜிடிஓ என்ற கார் இந்தச் சூழலின் பிள்ளை. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு விதி இருந்தது; பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், ‘விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் வசதி’ என்ற பெயரில் டெம்பெஸ்ட் என்ற நடுத்தர அளவுக் காருக்குள் நுழைத்து, விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. அதை வாங்க அலைமோதியவர்களுக்கு என்ன வயது என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், இந்தச் சாலையில் 1966, 67 வாக்கில் சுற்றியவர். சொந்தக் கார் கிடையாது, அப்பாவுடைய ஷெவர்லேதான். அப்பா கண்டிப்பானவர், காரைக் கொடுக்கும்போது மைல் கணக்கைப் பார்த்து வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் மறுபடி பார்ப்பார். ‘நூலகத்துக்குப் போய் வந்தேன்’ என்றால் நான்கு மைல்தான் ஏறியிருக்க வேண்டும். அந்தக் காலக் கார்களில் ஸ்பீடோமீட்டருக்கும் மைல் காட்டும் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸிலிருந்து ஒரே கேபிள்தான் சுழன்று வரும். இவர் வீட்டைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பீடோமீட்டரின் பின்புறத்தில் கேபிளைப் பிடித்திருக்கும் மரையை விரலாலேயே கழற்றிவிடுவார். அதன் பிறகு எத்தனை மைல் ஓட்டினாலும் கணக்கில் ஏறாது; ஆனால் வேகம் காட்டும் முள்ளும் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடக்கும். வுட்வர்டில் தான் எந்த வேகத்தில் போனோம் என்று இன்றுவரை தெரியாது என்பார். அப்பாவுக்குப் புரிந்துபோனது வேறு வழியில்: நான்கு மைல் ஓடியதாகச் சொல்லப்பட்ட காரின் பெட்ரோல் முள், போகும்போது இருந்ததைவிட உயரத்தில் நின்றிருந்தது. பையன் பயந்துபோய்த் தேவைக்கு மேல் நிரப்பிவிட்டான்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிற அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேகம் தெரியாமல், இடுப்பு வார் இல்லாமல், முன்னிருக்கையில் மூன்று பேரோடு ஓட்டப்பட்ட கார்கள் அவை. புதிய பயணிகள் கார்களில் இருக்கை வார் இருந்தாக வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 1968-இல்தான் வந்தது. 1972-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் 54,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மக்கள் தொகையும் வாகனங்களும் வெகுவாகப் பெருகிய பிறகும் அந்த எண்ணிக்கையை அந்த நாடு திரும்பத் தொடவில்லை. இவர்கள் எல்லோரும் குரூசிங்கில் இறந்தவர்கள் அல்லர், ஆனால் அந்தக் காலத்துக் கார் எப்படிப்பட்டது என்பதற்கு அது அளவுகோல். பழைய நாட்களைப் பேசுகிறவர்கள் எல்லோருமே உயிர் பிழைத்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. மேலே சொன்ன, ஓய்வுபெற்ற அந்த நண்பரே தன் வகுப்புத் தோழர்கள் இருவரின் பெயரைச் சொல்லும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

ஏக்கம் எப்போது தொடங்கியது என்பது வேடிக்கையான கதை. குரூசிங் முடிந்து நெடுங்காலம் கழித்து அது தொடங்கவில்லை. குரூசிங் உச்சத்தில் இருந்தபோதே தொடங்கிவிட்டது. மோடெஸ்டோவில் பிறந்து வளர்ந்த திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ், 1962-இல், பள்ளி இறுதிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, தன் சிறிய இத்தாலியக் காரில் பயங்கர விபத்துக்குள்ளாகி, வார் அறுந்து வெளியே தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தவர். அவர் தன் ஊரின் அந்த ஆண்டுக் கோடை இரவு ஒன்றை வைத்து எடுத்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படம் 1973 ஆகஸ்டில் வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. பெரும்பகுதியை மோடெஸ்டோவில் எடுக்காமல் பெட்டலூமா என்ற வேறோர் ஊரில் எடுத்தார்கள். பதினோரு ஆண்டு இடைவெளிதான். ஆனால் நடுவில் கென்னடி கொலை, வியட்நாம், நகரக் கலவரங்கள் எல்லாம் நடந்துவிட்டிருந்ததால், அது ஒரு யுகத்துக்கு முந்தைய காலம் போலப் பார்வையாளர்களுக்குத் தோன்றியது. இன்று ஒருவர் தன் குரூசிங் நினைவுகளைச் சொல்லும்போது, எது அவர் வாழ்ந்தது, எது அந்தப் படத்தில் பார்த்தது என்று பிரிப்பது கடினம். படத்தில் வருவது போன்ற மஞ்சள் நிற 1932 ஃபோர்டு கூப்பே ஒன்று தங்கள் ஊரிலும் ஓடியது என்று சொல்கிறவர்கள், அப்படிப்பட்ட கார்கள் மொத்தமாக இருந்ததைவிட அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஐயம்.

அந்தப் படம் வந்த இரண்டே மாதத்தில், அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பங்க்குகளில் வரிசை நின்றது. 1974 தொடக்கத்தில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு வந்தது. ‘பெட்ரோல் விலை ஏறியது, குரூசிங் செத்தது’ என்று பெரும்பாலோர் சொல்வது இதை வைத்துத்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1974-இல் ஒரு கேலன் 53 சென்ட் அளவுக்கு ஏறியது உண்மை. ஆனால் அதே ஆண்டில் குறைந்தபட்சக் கூலியும் 2 டாலராக உயர்ந்துவிட்டது. ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் பெட்ரோலைக் கணக்கிட்டால் 1962-இல் கிடைத்த அதே அளவுதான் வருகிறது. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை உச்சத்தைத் தொட்ட ஆண்டு 1957. அந்த ஆண்டில் பிறந்த 43 லட்சம் குழந்தைகளுக்குச் சரியாக 1973-இல் பதினாறு வயது. ஆகவே எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு தெருக்கள் காலியாகவில்லை, முன்னைவிட நெரிசலாயின. எழுபதுகளின் இறுதியில் வான் நைஸ் பூலவார்டில் புதன் இரவு ஒரு மைல் போக ஒரு மணி நேரம் ஆயிற்று என்று அங்கே சுற்றியவர்கள் சொல்வார்கள்.

அதைக் கொன்றது விலையல்ல, ஊராட்சிகள். நெரிசலில் ஆம்புலன்ஸ் நகர முடியவில்லை, கடை வாசலில் குப்பையும் கண்ணாடிச் சில்லும் கிடக்கின்றன, உண்மையான வாடிக்கையாளர்கள் வருவதில்லை, அடிதடி நடக்கிறது என்று வியாபாரிகள் புகார் செய்தார்கள். பெரும்பாலும் நியாயமான புகார்கள். ஆனால் சும்மா கார் ஓட்டுவதை எப்படிக் குற்றமாக்குவது? இங்கேதான் சட்டம் எழுதியவர்களின் சாமர்த்தியம் தெரிகிறது. பென்சில்வேனியாவின் யார்க் நகரம் போட்ட விதி நல்ல எடுத்துக்காட்டு: இரவு 7 மணியிலிருந்து அதிகாலை 3.30 வரை, குறிப்பிட்ட கண்காணிப்புப் புள்ளி ஒன்றை, இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் கடந்தால் அது குரூசிங். போலீஸ்காரர் ஒருவர் நின்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. 1990-இல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலத்துக்குள் நடமாடும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதே தீர்ப்பில், நெரிசலையும் பாதுகாப்பையும் கருதி அந்த விதி செல்லும் என்றும் சொல்லிவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ஊர் இதே அச்சில் விதிகள் வந்தன. வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அந்த விதிகளுக்குக் கை தூக்கிய ஊர்மன்ற உறுப்பினர்களில் கணிசமானவர்கள் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே தெருக்களில் சுற்றியவர்களாகத்தான் இருக்க வேண்டும். இதை நான் ஓய்வுபெற்ற அந்த நண்பரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை; ‘எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்களே’ என்றார்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வெள்ளையர் புறநகர்களின் கதை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களுக்கு இதன் வரலாறே வேறு; எனக்கு அதுதான் கூடுதல் சுவையான கதை. மெக்சிகோ ஊர்களில் ஞாயிறு மாலை ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி இளைஞர்கள் ஒரு திசையிலும் இளம்பெண்கள் எதிர்த்திசையிலும் நடக்கும் ‘பசேயோ’ என்ற வழக்கம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை எதிர்ப்படலாம். திருவிழா நாளில் மாடவீதி சுற்றிய அனுபவம் உள்ள நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பசேயோவின் கார் வடிவமே தங்கள் குரூசிங் என்று அவர்களில் பலர் சொல்வார்கள். மற்றவர்கள் காரின் பின்பக்கத்தை உயர்த்தி வேகத்துக்குத் தயாராக்கியபோது, இவர்கள் ஸ்பிரிங்கை வெட்டியும் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும் காரைத் தரையோடு தாழ்த்தினார்கள்; ‘தாழ்வாக, மெதுவாக’ என்பதே அவர்கள் கொள்கை. பளபளக்கும் சாயம், வெல்வெட் இருக்கை, குரோம் விளிம்புகள், சங்கிலியை வளைத்துப் பற்றவைத்த சிறிய ஸ்டியரிங். அதனால்தான் அவற்றுக்கு லோரைடர் என்று பெயர்.

1958-இல் கலிபோர்னியாவில் ஒரு வாகனச் சட்டப் பிரிவு நடைமுறைக்கு வந்தது: சக்கர வளையத்தின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாகக் காரின் எந்தப் பகுதியும் இருக்கக்கூடாது. இது யாரைக் குறிவைத்தது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே ரான் அகிரே என்ற இளைஞர், விமானங்களில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் தன் கார்வெட் காரில் பொருத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே காரை ஏற்றவும் இறக்கவும் வழி கண்டார். போலீஸ் தெரிந்தால் சுவிட்சைத் தட்ட வேண்டியது, கார் சட்டப்படியான உயரத்துக்கு எழுந்துவிடும். போலீஸ் போனதும் மறுபடி உட்கார்ந்துவிடும். இன்று உலகமெங்கும் காட்சிகளில் குதித்துக் காட்டுகிற கார்களின் மூலம், அபராதத்திலிருந்து தப்பிக்கச் செய்த இந்த ஏற்பாடுதான். 1958-ஆம் ஆண்டு இம்பாலா காரில் தொடங்கி ஷெவர்லே பயன்படுத்திய எக்ஸ் வடிவச் சட்டகம், பக்கவாட்டு உத்தரங்கள் இல்லாததால் மிகவும் தாழ்த்த வசதியாக இருந்தது. லோரைடர் என்றாலே அறுபதுகளின் இம்பாலா என்று ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

விட்டியர் பூலவார்டு வெறும் உலாத் தெருவாக மட்டும் இருக்கவில்லை. 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிரான சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) ஊர்வலத்தைக் காவல்துறை கலைத்தபோது, பத்திரிகையாளர் ரூபன் சலாசார் அந்தத் தெருவிலிருந்த மதுக்கடைக்குள் ஷெரிஃப் துறையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். 1979-இல் வார இறுதி இரவுகளில் அந்தத் தெருவே தடுப்புப் போட்டு மூடப்பட்டது. சான் ஹோசேயில் 1977-இல் தொடங்கிய லோரைடர் இதழ் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தபோதே, அந்த நகரம் 1986-இல் குரூசிங் தடை கொண்டுவந்து, 2022-இல்தான் நீக்கியது. மாநிலம் முழுவதுக்குமாக உள்ளூர்க் குரூசிங் தடைகளையும் அந்தப் பழைய உயரக் கட்டுப்பாட்டையும் நீக்கிய ஏபி 436 என்ற சட்டம் 2024 ஜனவரி முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. வெள்ளையர்களுடைய குரூசிங் 1973-லேயே இனிய நினைவாகிவிட்டது. இவர்களுடையது அதன் பிறகும் ஐம்பது ஆண்டுகள் குற்றமாகவே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் 2017-இல், ஜெஸ்ஸி வலடெஸ் உருவாக்கிய ‘ஜிப்சி ரோஸ்’ என்ற ரோஜாப்பூ ஓவியம் நிறைந்த 1964 இம்பாலா, நாட்டின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது.

ஆகவே ‘அவர்கள் சொல்வதுபோல்தான் இருந்ததா’ என்பதற்கு என் பதில்: சொல்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். டெட்ராய்ட்டிலேயே, எட்டாம் மைல் சாலைக்கு வடக்கே வுட்வர்டின் உலாப் பகுதி இருந்த புறநகர்களில் கறுப்பினத்தவர் வீடு வாங்க முடியாத காலம் அது. பயணத்தில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொன்ன கிரீன் புக் கையேடு 1966 வரை வெளிவந்தது. பெண்களுடைய நினைவுகளும் சற்று வேறாகவே இருக்கின்றன. என் அண்டை வீட்டுப் பாட்டி ஒருவர், ‘பையன்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், நாங்கள் யார் வண்டியில் ஏறக்கூடாது என்ற பட்டியலை மனப்பாடம் செய்துவைத்திருந்தோம்’ என்று சிரிக்காமல் சொன்னார்.

இப்போதைய பிள்ளைகள் ஏன் இப்படிச் சுற்றுவதில்லை என்ற கேள்வியும் கூடவே வரும். கைபேசி என்பது வாயில் வரும் முதல் பதில். அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. 1983-இல் பதினாறு வயதினரில் 46 விழுக்காட்டினரிடம் உரிமம் இருந்தது; 2014-இல் அது 25 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. இடையில் நடந்தவற்றுள் முக்கியமானது படிப்படியான உரிம முறை. டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 1997 முதல் அது உண்டு. இரண்டாம் நிலை உரிமம் வைத்திருக்கிற பிள்ளை, சில விலக்குகள் தவிர, இரவு 10 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களில் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது. குரூசிங்குக்கு வேண்டியவை இரண்டுதான்: இரவும் கூட்டாளிகளும். இரண்டையும் சட்டம் எடுத்துக்கொண்டது. அதனால் இளம் ஓட்டுநர்களின் சாவு வெகுவாகக் குறைந்தது என்பதால், ஒரு பெண்ணுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த தகப்பன் என்ற முறையில் நான் அந்தச் சட்டத்தின் பக்கம்தான். ஆனால் பெரியவர்கள் கண்ணுக்கு அப்பால், காசு கொடுக்காமல் கூடி நிற்க அவர்களுக்கு வேறு இடம் எதையும் நாம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. பல வணிக வளாகங்களில் மாலைக்குப் பிறகு பெற்றோர் துணையில்லாமல் நுழையவே முடியாது.

கடைசியாக, இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. 1995-இல் ஃபெர்ன்டேல் நகரில் ஒரு கால்பந்துத் திடலுக்கு நிதி திரட்டுவதற்காகத் தொடங்கிய வுட்வர்ட் டிரீம் குரூஸ், இன்று ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை நடக்கிறது. நாற்பதாயிரம் பழைய கார்கள், பத்து லட்சம் பேர் என்று அமைப்பாளர்கள் கணக்குச் சொல்வார்கள். அந்தச் சனிக்கிழமை போகாதீர்கள். நிறுவனங்களின் கூடாரங்களும் விளம்பரப் பைகளும்தான் கண்ணில் படும், கார்கள் நகராது, முன்பு குரூசிங் சூடுபிடிக்கத் தொடங்கிய இரவு 9 மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்துவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரத்தில், புதன் அல்லது வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல், ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு ராயல் ஓக்குக்கும் பர்மிங்ஹாமுக்கும் நடுவே ஏதாவது ஒரு புல் விளிம்பில் உட்காருங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி இல்லாத கார்களின் புகை வாசனை முதலில் வரும், அரைகுறையாய் எரிந்த பெட்ரோல் வாசனை. பிறகு, வெள்ளை முடி பறக்க, முழங்கையைக் கதவில் வைத்துக்கொண்டு ஒருவர் மெதுவாகப் போவார். பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள். எதிர்த்திசையில் அவரே மறுபடி வருவார். இரண்டாவது முறை பார்க்கும்போது கையசைத்தால் அவர் ஹாரன் அடிப்பார்.